பாய்ப்படகில் நான்கு நாள்: காலியா, திருகோணமலையா, மாலைதீவா, லங்காவியா?

ஆறு பேர், ஐந்து நாள் லீவு, ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை. பாய்ப்படகில் போகவேண்டும், இடையில் ஒரு நல்ல மெரினாவில், அதாவது உல்லாசப் படகுகள் கட்டும் துறையில், இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கவேண்டும். கொழும்பிலிருந்து எங்கே போகலாம்? இந்த வருடம் மூன்று நண்பர் கூட்டங்கள் என்னிடம் இதைக் கேட்டுவிட்டன. மூன்றிலும் கடைசியில் நாலு பெயர்தான் மிஞ்சின: காலி–மிரிஸ்ஸ, திருகோணமலை, மாலைதீவு, மலேசியாவின் லங்காவி. நான்கிலும் நண்பர்களோடு படகில் இரவு தங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்தே பாய் விரித்துப் புறப்பட முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. கொழும்புத் துறைமுகம் கொள்கலன் கப்பல்களின் இடம். வெளிநாட்டு யாட்டுகள் (உல்லாசப் படகுகள்)கூட வழமையாகக் காலிக்குத்தான் வந்து நுழைகின்றன. போர்ட் சிற்றித் திட்டத்தில் மெரினா ஒன்று உண்டு, ஆனால் உங்கள் அடுத்த லீவை அதை நம்பிப் போடாதீர்கள்.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

மாதம். இதுதான் முதல் கேள்வி. இடத்தைப் பிடித்துவிட்டு அப்புறம் மாதம் தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டெம்பர் வரை தெற்கு, மேற்குக் கரைகளில் அலையைக் கிளப்பிவிடும். அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக்குப் போகும்போது கச்சானாகிவிடுகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை இராது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று. அப்போது கிழக்கில் மழையும் கொந்தளிப்பும், தெற்கும் மேற்கும் ஒதுக்கமாக, அமைதியாக இருக்கும். அலுவலகம் ஓகஸ்டில்தான் லீவு தரும் என்றால் காலியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இரவில் படகு எங்கே நிற்கும். விளம்பரப் படங்களில் பகல்தான் தெரியும். பயணத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இரவு. மெரினா என்றால் மிதக்கும் இறங்குதுறை, கரை மின்சாரம், குழாய்த் தண்ணீர், ஆடாத படுக்கை. நங்கூரத்தில் நின்றால் தனிமையும் நட்சத்திரமும், கூடவே ஆட்டமும், நங்கூரம் இழுபடுகிறதா என்று நடுச்சாமத்தில் எழுந்து பார்க்கும் வேலையும்.

வெப்பநாட்டு மெரினாவில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும், முன் ஜன்னலைத் திறந்தால் காற்று நேரே உள்ளே வரும். மெரினாவில் கட்டிய படகு கட்டியபடியே நிற்கும். சுற்றிலும் மதிலும் படகுகளும். கரை மின்சாரத்தில் ஏசி ஓடவில்லை என்றால் அந்த இரவு புழுக்கமும் நுளம்புமாகவே கழியும். ஆகவே ‘மெரினாவில் ஓர் இரவு’ என்று எழுதியிருந்தால் போதாது. கரை மின்சாரம் உண்டா, படகில் ஏசி உண்டா, அந்தக் கட்டணம் யாருடையது என்று மூன்றையும் கேளுங்கள்.

யார் ஓட்டுவது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாயிலேயே போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட தண்டையல்கள், பாய்க்கப்பல் தலைவர்கள், இருந்த சமூகம் நாங்கள். ஆனால் உங்கள் கூட்டத்தில் பாய் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவர் என்றால் அவருக்கு அது விடுமுறையாக இராது, நான்கு நாள் வேலைதான். கப்டனோடு எடுத்தால் அந்தப் பாரம் இல்லை, ஆனால் கப்டனுக்கும் சமையல்காரருக்கும் படுக்க இடம் வேண்டும். நான்கு அறைப் படகில் எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டு, ஏறும்போது ஓர் அறை கப்டனுக்கு என்று தெரியவந்தால் இரண்டு பேர் நடுக்கூடத்தில்தான் தூங்கவேண்டும்.

கூட்டத்தில் மிகவும் பயப்படுபவர். நீந்தத் தெரியாதவர், பஸ்ஸில் போனாலே சத்தி வருபவர். பயணத்தின் எல்லை அவர்தான். அவருக்குச் சரியாக அமைந்த பயணம் மற்ற ஐந்து பேருக்கும் நன்றாகவே இருக்கும். மறுபக்கமாக நான் இதுவரை பார்த்ததில்லை.

முழுச் செலவு. படகு வாடகை தலைப்புச் செய்தி மட்டும். டீசல், சாப்பாடு, மெரினாக் கட்டணம், கப்டன் சம்பளம், அன்பளிப்பு, முற்பணம் (படகுக்குச் சேதம் வந்தால் வெட்டிக்கொள்ளப் பிடித்து வைப்பது), வரி, துப்புரவுக் கட்டணம் எல்லாம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | காலி–மிரிஸ்ஸ | திருகோணமலை | மாலைதீவு | லங்காவி |
|---|---|---|---|---|
| நல்ல மாதம் | டிசெம்பர்–மார்ச் | மே–செப்டெம்பர் | ஜனவரி–ஏப்ரல் | டிசெம்பர்–மார்ச் |
| கொழும்பிலிருந்து | அதிவேக வீதியில் சுமார் 2 மணி | வீதியால் சுமார் 260 கிலோமீற்றர் | விமானத்தில் ஒன்றரை மணி | கோலாலம்பூர் போய் இன்னொரு விமானம் |
| இரவு | துறைமுகம், மீன்பிடித்துறை | நங்கூரம் | பெரும்பாலும் நங்கூரம் | மெரினாவும் நங்கூரமும் |
| பாய் ஓடும் வாய்ப்பு | பிற்பகலில் | மிக நல்லது | நல்லது, பாறை கவனம் | நல்லது |
| ஓட்டுபவர் | கப்டன் | கப்டன் | கப்டன் | கப்டன் அல்லது தகுதி இருந்தால் நீங்களே |
| ஒளிந்த செலவு | குறைவு | போக்குவரத்து, பூங்காக் கட்டணம் | வரிகள், கரைச் சாப்பாடு | முற்பணம், இரண்டு விமானம் |

## காலி–மிரிஸ்ஸ: இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால்

வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் இடியப்பம் கட்டிக்கொண்டு புறப்பட்டால், பத்து மணிக்குப் படகில் இருக்கலாம். இந்த வசதி மற்ற மூன்றிலும் இல்லை.

காலையில் காற்று அடங்கியிருக்கும், எஞ்சினில்தான் போவீர்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்போது பாய் விரிக்கலாம். கோட்டை மதிலைக் கடலிலிருந்து பார்ப்பது, வெலிகம குடாவில் குளிப்பது, அதிகாலையில் மிரிஸ்ஸவுக்கு வெளியே நீலத்திமிங்கிலம் தேடுவது எல்லாமே அருமை. தெவிநுவரைக்கு வெளியே கிழக்கு–மேற்குக் கப்பல் பாதை கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. ஆகவே இரவில் வெளியே போகும் ஆசை வேண்டாம்.

மெரினா? காலியில் யாட்டுகள் நிற்கலாம், ஆனால் அது வேலைசெய்யும் துறைமுகம். வாசலில் பாதுகாப்புச் சோதனை, அடையாள அட்டை, முன்கூட்டியே கொடுத்த பெயர்ப்பட்டியல். மிரிஸ்ஸ மீன்பிடித்துறை. விடியமுன்பே எஞ்சின் சத்தமும் டீசல் மணமும் எழுப்பிவிடும். நீச்சல்தடாகம் பக்கத்தில் நீட்டிப்படுக்கும் படத்தை மனதில் வைத்துப் போகாதீர்கள். ஓர் இரவைக் கோட்டைக்குள் ஒரு விருந்தகத்தில் கழித்தால் செலவும் அளவோடு இருக்கும், தூக்கமும் வரும்.

## திருகோணமலை: பாய்க்காகப் போகிறவர்களுக்கு

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் திருகோணமலையைத்தான் சொல்வேன்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். தரையில் நிற்பவர்களுக்கு அது அனல், உதடு வெடிக்கும். படகில் இருப்பவர்களுக்கு அது வரம். காற்று நிறைய, அலை குறைய. பாய்ப்படகோட்டிகள் உலகமெல்லாம் தேடும் சேர்க்கை அது. பாய் நிறைந்து, எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அந்தக் கணத்துக்காகத்தான் பாய்ப்படகு. தெற்கில் அது நாளுக்கு இரண்டு மணி கிடைத்தால் பெரிது. கிழக்கில் பாதி நாள் கிடைத்திருக்கிறது எங்களுக்கு.

இதே காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கடலை நோக்கித் தள்ளும். பெரிய கட்டமரானுக்கு, அதாவது இரட்டை உடல் படகுக்கு, அது பிரச்சினை இல்லை. சின்ன ரப்பர் படகிலோ காற்றடைத்த மெத்தையிலோ உப்புவெளிக் கரையில் விளையாடப் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் தூரம் போய்விடுவார்கள். நீந்தத் தெரியாத நண்பருக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், கயிறும் கட்டுங்கள்.

பாதை இப்படி அமையலாம். முதல் நாள் உட்துறையிலும் கொட்டியாரக் குடாவிலும் பழகுவது. மகாவலி வந்து கலக்கும் குடா அது. சுற்றிலும் குன்றுகள், தண்ணீர் ஏரிபோல இருக்கும். சத்தி வருபவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. இரண்டாம் நாள் விடியற்காலையில் கோணேசர் மலையைச் சுற்றி வெளியே வருவது. அந்தப் பாறையின் அடியில் படகை மெதுவாக்கி மேலே அண்ணாந்து பார்த்தபோது எங்கள் கூட்டத்தில் யாருமே பேசவில்லை. கோயிலுக்குப் படியேறி எத்தனையோ தடவை போயிருக்கிறோம், கடலிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கே கரைக்கு அருகிலேயே கடல் பெரும் பள்ளமாக இறங்குகிறது, அதனால் திமிங்கிலங்கள் கிட்டவே வரும். அப்புறம் வடக்கே நிலாவெளி, புறாத்தீவு.

புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. நுழைவுக் கட்டணம் உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அது பல மடங்கு. லண்டனிலிருந்து வந்த மச்சான் கூட்டத்தில் இருந்தால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பவளப்பாறைமேல் நங்கூரம் போடக்கூடாது, காலும் வைக்கக்கூடாது. நீண்ட வார இறுதியில் கரையிலிருந்து வரும் படகுகளால் தீவு நிரம்பிவிடும், வாரநாள் காலையில் போங்கள்.

குறை என்ன? மெரினா என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, அதில் ஆறு பேர் இறங்கிக் குளித்துத் தண்ணீர் நிரப்ப ஒரு மிதக்கும் மேடை கிடையாது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. கடற்படைத்தளம் இருப்பதால் சில பகுதிகளுக்குப் போக முடியாது, படம் எடுக்கவும் விடமாட்டார்கள். பயணத்தின் நடுவில் வரும் இரவை நாங்கள் கரை ஹோட்டலில் வைத்தோம்: பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கி, நன்னீரில் குளித்து, கணவாய்க் கறியோடு சோறு சாப்பிட்டு, மறுநாள் விடிய ஏறினோம். மெரினாவின் வேலையை ஹோட்டல் செய்துவிட்டது, ஆனால் சாமான்களை ரப்பர் படகில் ஏற்றி இறக்கும்போது ஒரு பை நனையத்தான் செய்யும்.

வாடகைப் படகுகளும் இங்கே எண்ணிக்கையில் குறைவு. சில கட்டமரான்கள் பருவத்தோடு தெற்கிலிருந்து கிழக்குக்கு மாறுகின்றன. ஜூலை, ஓகஸ்டுக்கு இரண்டு மாதம் முன்பே பேசிவிடவேண்டும். போயா நாளில் மதுக்கடை பூட்டியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஆனால் போயா நிலவில் உட்துறையில் நங்கூரம் போட்டுக் கிடப்பதற்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

## மாலைதீவு: தண்ணீருக்காகப் போகிறவர்களுக்கு

உங்கள் நண்பர்களுக்குப் பாயைவிடத் தண்ணீருக்குள் பார்ப்பதில்தான் ஆசை என்றால் இங்கே போங்கள். பவளத்தீவு வளையங்களுக்குள் கடல் தட்டையாக இருக்கும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்றும் நன்றாகக் கிடைக்கும்.

ஆனால் இங்கே பாய்ப்படகை ஆட்டுவிப்பது சூரியன். பாறைகளைக் கண்ணால் பார்த்துத்தான் படகை நடத்தவேண்டும், அதற்கு வெயில் உச்சியில் இருக்கவேண்டும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் நங்கூரம் போட்டுவிடுவார்கள். ‘அந்திவேளையில் பாய் விரித்து’ என்ற கனவு இங்கே நடக்காது. கப்டன் இல்லாமல் படகு தரவும் மாட்டார்கள், அது நியாயம்தான். ‘சஃபாரி’ என்று விற்கப்படும் படகுகளில் பெரும்பாலானவை எஞ்சின் படகுகள். பாய் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மெரினா வேண்டுமென்றால் விமான நிலையத்திலிருந்து வேகப்படகில் கால்மணி தூரத்தில் க்ரொஸ்ரோட்ஸ் இருக்கிறது. அழகான இடம், கரையேறியதும் விலை டொலரில் பேசும்.

செலவுக் கணக்கில் விழும் ஒன்றைச் சொல்கிறேன். 2025 தொடக்கம் படகில் தங்கும் வெளிநாட்டவருக்குப் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டொலர். ஆறு பேர், ஐந்து நாள்: 360 டொலர், வாடகைக்கு மேல். அதற்கும் மேல் சுற்றுலாச் சேவை வரி. விலைப்பட்டியலில் இவை உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விசா வந்திறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், இது பெரிய நிம்மதி. விமான நிலையக் கடையில் வாங்கிய போத்தலைச் சுங்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள். வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகக்கூடாது, கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுப் போங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் இருந்தால் சமையல்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஐந்து நாளும் சூரைமீன்தான்.

## லங்காவி: மெரினா வேண்டும் என்பவர்களுக்கு

‘நடுவில் ஒரு மெரினா’ என்ற ஆசைக்கு நேரான பதில் இதுதான். குவா நகரில் ரோயல் லங்காவி யாட் கிளப், மேற்கே தெலாகா துறை, அதற்கெதிரே தனித்தீவில் ரெபாக். ஒரே தீவைச் சுற்றி மூன்று மெரினாக்கள். ஒரு நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஓடினாலே அடுத்த நங்கூரமிடம் வந்துவிடும். பாய்ப்படகு மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீற்றர்தான் போகும் என்பதை யோசித்தால் இந்த நெருக்கம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஜனவரி, பெப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், நூற்றுக்குக் கிட்டிய தீவுகள் அலையைத் தடுத்துவிடும். தெற்கே டயாங் புந்திங் தீவில் கடலிலிருந்து மெல்லிய பாறை விளிம்பு ஒன்றால் மட்டும் பிரிந்த நன்னீர் ஏரி இருக்கிறது. இரண்டு நாள் உப்போடு இருந்த உடம்புக்கு அந்தக் குளியல் எப்படியிருக்கும் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. சாப்பாட்டுப் பையைப் படகிலேயே விட்டுப் போங்கள், வழியில் குரங்குகள் பறித்துவிடும்.

எங்கள் பயணத்தில் ஒருத்தி முதல் இரண்டு நாளும் சுருண்டு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் ரெபாக்கில் கட்டினோம். ஆடாத மேடையில் கால் வைத்து, குளித்து, சூப் குடித்து, எட்டு மணி நேரம் தூங்கினாள். நான்காம் நாள் சுக்கானைப் பிடித்தவள் அவள்தான். மெரினா ஆடம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதன் பயன் விளங்கியது. அதை மூன்றாம் நாளுக்கு வைத்தது எங்கள் பிழை, இரண்டாம் இரவே வந்திருக்கவேண்டும்.

தண்ணீர்க் கணக்கும் அதையேதான் சொல்கிறது. நாற்பதடிக் கட்டமரானில் இருப்பது சில நூறு லீற்றர் நன்னீர். வாளியில் அள்ளிக் குளித்துப் பழகிய ஆறு பேருக்கு அது இரண்டு நாள்.

குறைகளும் உண்டு. தண்ணீர் பச்சை, மாலைதீவின் கண்ணாடிக் கடல் இல்லை. பவளம் பார்க்க ஆசை என்றால் தெற்கே பாயார் தீவுவரை போகவேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து ‘சுமாத்ரா’ என்று மாலுமிகள் சொல்லும் திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் விடியமுன், வந்து அடிக்கும். வற்றுப்பெருக்கு இலங்கையில் ஒரு மீற்றருக்குள்தான், அங்கே மூன்று மீற்றர்வரை போகும். நங்கூரக் கயிற்றின் நீளத்தை நம் ஊர்க் கணக்கில் விடாதீர்கள்.

பணத்தில் கவனிக்கவேண்டியது முற்பணம். படகின் அளவைப் பொறுத்து ஆயிரக்கணக்கான டொலரைக் கடனட்டையில் முடக்கி வைப்பார்கள். எங்களுக்கு நடந்தது இது: ரப்பர் படகின் எஞ்சின் விசிறியில் (புரொப்பெல்லரில்) இருந்த பழைய கீறலுக்கு எங்கள் முற்பணத்தில் வெட்டினார்கள். படகு கையேற்கும்போது நாங்கள் படம் எடுக்கவில்லை, வாதாட ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் படகின் வெளிப்புறம், பாய், விசிறி, கழிப்பறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். கழிப்பறையை ஏன் சொன்னேன் என்றால், அது அடைபட்டால் திருத்தக் கூலி உங்களுடையது. சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது, கடதாசியும்கூட.

புக்கெற்றையும் சேர்த்துவிடலாமா என்று கேட்பார்கள். அங்கும் நல்ல மெரினாக்கள் இருக்கின்றன, ஆனால் ஐந்து நாளில் இரண்டு நாட்டுக் குடிவரவு அலுவலகங்களில் நிற்பது வீண். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் வெவ்வேறு கடவுச்சீட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்குமான விசா விதியைப் பயண மாதத்தில் மறுபடி பாருங்கள்.

## அந்த மூன்று கூட்டத்துக்கும் சொன்னது

முதல் கூட்டம் அலுவலக நண்பர்கள், ஓகஸ்ட் லீவு, இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. திருகோணமலை, இரண்டாம் இரவு கரையில். வேறு யோசனைக்கே இடமில்லை.

இரண்டாவது, இரண்டு குடும்பங்கள், டிசெம்பர் பள்ளி விடுமுறை, சின்னப் பிள்ளைகள். லங்காவி பணமும் பயணக் களைப்பும் அதிகம், திருகோணமலையில் வாடை. காலியில் பகல் பயணம் இரண்டு, இரவு கோட்டைக்குள். பிள்ளைகள் கேட்டால் மூன்றாவது பயணம்.

மூன்றாவது கூட்டம் நான்கு பேர், பெப்ரவரி, மெல்பேர்னில் பாய்ப்படகு ஓட்டி உரிமம் எடுத்த ஒருவர் அதில் இருக்கிறார். லங்காவிதான். ஆனால் அவரே தனியாக ஓட்டட்டும் என்று மற்ற மூவரும் சொன்னபோது நான் மறுத்தேன். முதல் இரண்டு நாளுக்காவது கப்டன் ஒருவரை எடுக்கச் சொன்னேன். மற்ற மூவரையும், பணம் கட்டமுன், ஒரு ஞாயிறு காலை பொல்கொடைக்கு அனுப்பினேன். மொறட்டுவைப் பக்கம் பாய் பிடிக்கப் பழகக்கூடிய ஏரி நமக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் கயிறு கட்ட யாருக்கு வருகிறது, யாருக்குத் தலை சுற்றுகிறது, பாய் மறுபக்கம் அடிக்கும்போது யார் குனிய மறக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, தான் படகில் ஏறப்போவதில்லை, ரெபாக்கில் அறை எடுத்துக் காத்திருப்பதாகவும் நீங்கள் அங்கே வந்து கட்டுங்கள் என்றும் சொன்னார். பயணத்தை அவரைச் சுற்றியே மாற்றி அமைத்தோம்: இரண்டாம் இரவும் நான்காம் இரவும் ரெபாக்.